புளிக்கப் பறித்த குலைகள்

1974 ஆவணி, ஒரு புதன்கிழமை காலை. மண்கும்பானில் ஒரு கணவனும் மனைவியும் ஒரு பனையோலைக் கடகம் நிறையத் திராட்சைக் குலைகளோடு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி, எனக்கு முன்னால் அமர்ந்தார்கள். அவளுக்கு ஏழு மாதம் இருக்கும்.

“சந்தையில இப்ப புளிப்புக்குத்தான் விலையாம்,” என்றார் அவர்.

“ஆர் சொன்னது? இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் இனிச்சிருக்கும், இரட்டிப்பு விலைக்கு வித்திருப்பம். பறிச்சாப் பிறகு முந்திரிகைக் குலை பழுக்காதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியும்.”

“பிறகேன் முழுக்க வெட்டினீங்கள்?”

அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்: “எங்கடை கிணறு உவராப் போச்சுது. நான் வேலைக்குப் போனவுடன நீர் ஊர்க்கிணத்திலயிருந்து குடம் குடமாத் தண்ணி சுமக்கிறீராம். வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்? குலை இல்லாட்டிச் சுமக்கமாட்டீர்தானே.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“கொடிக்குத் தண்ணி வேண்டாமோ?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

“கொடி காஞ்சால் அடுத்த முறையும் பழமில்லை,” என்றாள்.

“விடியக்காலமை வேலைக்குப் போக முன்னம் நான் ஊத்திறன்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம்.”

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. அவள் ஒரு பழத்தைக் கடித்துக் கண்களைச் சுருக்கினாள். பிறகு பெரிய குலையாகப் பார்த்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இதை விக்காதேங்கோ. எனக்கு இப்ப புளிதான் பிடிக்குது.”