மருதடிக் குழை

அன்னப்பூரணி: …சும்மாவா குடுத்தாங்க, காணிய?

நல்லரத்தினம்: ஓம்கா. அமெரிக்காவில ஒக்லஹோமா எண்டு ஒரு மாகாணம். ஐம்பது வருசத்துக்கு முதல் நடந்ததாம். விநாயகமூர்த்தி வாத்தியார் பேப்பர் பாத்துச் சொன்னார்.

அன்னப்பூரணி: பேப்பர் கேக்க ஒரு பகல் வேணுமா மச்சான்? விடியப் போன மனிசன்…

நல்லரத்தினம்: கதையக் கேளன். நடுப்பகல் வெடி வெச்சதும் ஐம்பதாயிரம் சனம் ஓடிச்சாம். குதிரையில, வண்டிலில… ஆர் முதல்ல கம்பு நட்டானோ அவன்ட காணி.

அன்னப்பூரணி: நாளைக்கு ஊர்த்தலைவர் விதானையார் மணி அடிக்க, நாம சேனைக் காட்டுக்கு ஓடிப்போய், மரத்தில குழை கட்டிக் காணி பிடிக்கிற மாதிரி.

நல்லரத்தினம்: அதேதான்.

அன்னப்பூரணி: அங்க நொண்டிக் காலோட ஆரும் ஓடினாங்களாமா?

நல்லரத்தினம்: நக்கல்… ம்.

அன்னப்பூரணி: போன வருசம் நீங்க போய்ச் சேர, மிஞ்சினது கல்லுத்தரை. சோளம் முழங்காலுக்கு வரல்ல. மாரி முழுக்கப் புள்ளைகள் பசியில அழுததுகள்.

நல்லரத்தினம்: மறக்கல்லகா… மிச்சத்தக் கேளு. கொஞ்சப் பேர் முதலே களவாப் போய்ப் பத்தைக்குள்ள ஒளிச்சிருந்தாங்களாம். குதிரையில சவுக்கார நுரையப் பூசி, ஓடி வேர்த்த மாதிரிக் காட்டினாங்களாம்.

அன்னப்பூரணி: கெட்டிக்காரர்.

நல்லரத்தினம்: கள்ளர் எண்டு சொல்லு.

அன்னப்பூரணி: பிடிபட்டாங்களா?

நல்லரத்தினம்: சில பேர். ஆனா இப்ப அந்தக் கள்ளர்ர பேர்தான் மாகாணத்துக்கே பட்டப்பேராம். பெருமையாச் சொல்லுறாங்களாம்.

அன்னப்பூரணி: பாத்தீங்களா…

நல்லரத்தினம்: இஞ்ச மணிக்கு முதல் குழை கட்டினா ரெண்டு வருசத்துக்குச் சேனை இல்ல. தெரியுந்தானே? ஏன் முகத்தத் திருப்புறாய்?

அன்னப்பூரணி: அடுப்புப் புகை.

நல்லரத்தினம்: அடுப்பே மூட்டல்லையேகா. விறகுக்குப் போறன் எண்டாய். விறகு எங்க?

அன்னப்பூரணி: …ஈரம். விட்டுட்டு வந்தன்.

நல்லரத்தினம்: ஆடி மாசத்து வெயிலில ஈரம். சரி, சேலைத் தலைப்பு?

அன்னப்பூரணி: முள்ளு கிழிச்சிட்டு.

நல்லரத்தினம்: நல்ல முள்ளு. கத்தி வெச்ச மாதிரி நேராக் கிழிச்சிருக்கு.

அன்னப்பூரணி: சரி, குழையக் கட்டிட்டன். குளத்தடியில, பெரிய மருதில. போய் விதானையாருக்குச் சொல்லுங்க. என்ட புள்ளைகள் இன்னொரு மாரி பட்டினி கிடக்க ஏலாது.

நல்லரத்தினம்: மேற்கால கொப்பில. சேலைத் துண்ட ரெண்டு சுத்துச் சுத்தி…

அன்னப்பூரணி: …உங்களுக்கெப்படித் தெரியும்?

நல்லரத்தினம்: இந்தக் காலோட அங்க போய்ச் சேர மத்தியானம் ஆகிட்டுகா. நானும் ஒரு குழையோடதான் போனன். உன்ட முடிச்சு தளர்வு… இறுக்கிக் கட்டிப்போட்டு வந்தன்.