விசாலம் திரும்பிய பக்கம்

பக்தவத்சலம் சார், புனேயில் இந்த விஷ்ராந்த்வாடிப் பக்கம் போஹா, அதுதான் நம்ம அவல் உப்புமா, எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே நிற்கும் வண்டிதான். விசாரணையை முடித்துவிட்டுப் போகும்போது சாப்பிட்டுப் பாருங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து பாக் நீரிணையில் சில கடற்பசுக்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டின. அவை போகும் வழி புனேயில் என் திரையில் புள்ளிகளாகத் தெரியும். ஒன்று இலங்கைப் பக்கத்து வலைகளை நோக்கித் திரும்பினால், முறைப்படி தகவல் டெல்லி போய், கொழும்பு போய், மன்னாருக்கு வருவதற்குள் அது மூச்சுமுட்டிச் செத்திருக்கும். அதனால் மன்னாரில் மீட்புப் படகு ஓட்டும் முகமது ரஃபீக்கை நானே கூப்பிட்டுவிடுவேன். எங்கள் அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அவர் போய் வலைகளைத் தூக்கச் சொல்வார். எந்தக் காகிதத்திலும் இல்லாத ஏற்பாடு, ஆனால் அதுதான் நடந்தது.

போன வருடம் ஒருநாள் பிம்ப்ரியில் மெட்ரோ நின்றுபோய், என் கைப்பேசியும் அணைந்துவிட்டது. அன்றைக்கு ஒரு கடற்பசு வலையில் மாட்டி இறந்தது. வாய்விட்டு அழுதேன், சார். ஆனால் அதன் படம் பத்திரிகையில் வந்ததும், கடற்பசுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை வருடக்கணக்காக இழுத்தடித்த இரு நாட்டுத் தரப்பும் அந்த வாரமே உட்கார்ந்து பேசின.

பிறகு பேச்சு தொய்ந்தது. அடுத்த கடற்பசு வலைப் பக்கம் திரும்பியபோது நான் ரஃபீக்கைக் கூப்பிடவில்லை. மறுபடி உட்கார்ந்தார்கள். ஒன்று போனால் மற்றதெல்லாம் பிழைக்குமென்றால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? எத்தனை என்று கேட்காதீர்கள். பேச்சு தொய்ந்தபோதெல்லாம் அப்படித்தான் செய்தேன்.

விசாலம் விஷயத்தில்தான் மனசு அடித்துக்கொண்டது. அந்தக் கடற்பசு நல்ல பருமன் என்பதால் ரஃபீக் வைத்த பெயர். கூடவே குட்டி. வலைத் தடையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று இரு பக்கமும் மழுப்பிக்கொண்டிருந்த நேரம் அவள் இலங்கை வலைகள் பக்கம் திரும்பினாள். ரஃபீக்குக்கு என்ன தோன்றியதோ, அவரே கூப்பிட்டார்.

"வைஜயந்தி அக்கா, விசாலம் எங்கட பக்கம் வருதோ? போட்டை எடுக்கட்டோ?"

"இல்ல ரஃபீக், அது எங்க பக்கம்தான் இருக்கு. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க."

குட்டி தாயை விட்டு நகராமல் அதே வலையில் கிடந்ததாம். இரண்டையும் அவர்தான் கையால் பிரித்தெடுத்தார். நேரத்துக்குப் போகவில்லை என்று அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அவர்மேல் தப்பே இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

ஒப்பந்தம் வலைத் தடையோடு கையெழுத்தாகிவிட்டது. வலைகளைக் கரையேற்றிவிட்டார்கள். கருவி கட்டியவற்றில் ஒன்றுகூட இப்போது என் திரையில் இல்லை. அந்தக் கடல் அவற்றுக்கு இவ்வளவு பத்திரமாக ஒருநாளும் இருந்ததில்லை, சார்.