வெள்ளிப் பகலில் தளர்த்திய வால்வு

ஐஸ் போட்ட எதுவும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, இன்ஸ்பெக்டர் சேர். தொண்டை கட்டிவிடும். ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும்தான். சாதாரணத் தண்ணீர் போதும். கேட்டதைச் சொல்கிறேன், ஆனால் முதலில் இருந்து சொல்ல விடுங்கள். நடுவில் இருந்து சொன்னால் என்னைத்தான் விசரன் என்பீர்கள்.

பெயர் ஹாதிக். ஊர் சாய்ந்தமருது. வெளிநாட்டில் ஓர் அணுமின் நிலையத்தில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தேன். உம்மாவுக்கு ஏலாமல் போனதால் திரும்பி வந்தேன். அங்கே ஒரு பம்பில் துளி எண்ணெய் கசிந்தாலும் துடைத்துவிட்டுப் போக முடியாது. நிறுத்துவார்கள். உட்கார்ந்து, ஏன் கசிந்தது என்று கேட்பார்கள். ரப்பர் தேய்ந்தது என்றால், ஏன் தேய்ந்தது என்பார்கள். குழாய் அதிர்ந்தது என்றால், அது ஏன் அதிர்ந்தது. கடைசிக் காரணம் வரைக்கும் போய் அதைத் திருத்திய பிறகுதான் மெஷினை ஓடவிடுவார்கள். பழுதைக் கண்டு சொன்னவனுக்குக் கைகொடுப்பார்கள். அந்த மரியாதைக்குப் பழகிவிட்டு ஊருக்கு வந்ததுதான் நான் செய்த மடத்தனம்.

கலந்தர் ஹாஜியாரின் ஐஸ் தொழிற்சாலையில் மெஷின் பொறுப்பு கிடைத்தது. கடற்கரையில், படகுகளுக்குக் கட்டி ஐஸ் கொடுக்கும் இடம். குளிரூட்டுவது அமோனியா வாயு. கொஞ்சமாய்க் கசிந்தால் கண் எரியும். அடைத்த அறையில் நிறையக் கசிந்தால் ஆளை முடித்துவிடும். சேர்ந்த கிழமையே பெரிய குழாயின் வால்வில் கசிவைக் கண்டேன். பழகியபடி காரணத்தைத் தேடிப் போனேன். மெஷினைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஆடின. அதனால் குழாய் அதிர்ந்தது, அதனால் வால்வு தேய்ந்தது. மெஷினை நிறுத்தி எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று ஹாஜியாரிடம் சொன்னேன்.

கீரி மீன் படுகிற பருவம், பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் பருவம் முடிந்தது, அடுத்தது வந்தது. வால்வைச் சைக்கிள் டியூப்பால் சுற்றிக் கட்டச் சொன்னார். கட்டினேன். கட்டும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. வாயு கசிந்தால் கூவும் அலாரத்தின் வயரையும் பிடுங்க வைத்தார், பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். திரும்பவும் போய்ச் சொன்னேன்.

"ஹாதிக், இது அணு உலை இல்ல மனே, ஐஸ் பெக்டரி. வெடிச்சாலும் ஊருக்குக் குளிர்தானே வரும்," என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து கடற்கரையில் எனக்குப் பெயர் அணுகுண்டு. தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால், அணுகுண்டு வருது, அடுப்பை அணையுங்கள் என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியாயிற்று, சேர். ஒரு மனிதனுக்குத் தெரிந்த ஒன்றைப் பகிடியாக்கினால் அவனுக்கு உள்ளே கொதிக்கும். எனக்குக் கொதித்தது. அது குற்றமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

பழுது தன்னைத்தானே காட்டினால்தான் இவர்கள் நம்புவார்கள் என்று பட்டது. அதற்கு ஆளில்லாத நேரம் வேண்டும். நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. ஜும்ஆத் தொழுகை நேரம் தோதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பாங்கு சொல்வதற்கு முன்பே, ஹாஜியாரில் இருந்து ஐஸ் தூக்குகிறவர்கள் வரைக்கும் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். காவலாளி றம்ஸீன் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவான்.

அன்று உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று அவனிடம் கேட்டேன். அவனையே விசாரியுங்கள்.

"ஒருத்தரும் இல்ல ஹாதிக் காக்கா, எல்லாரும் பள்ளிக்குப் போயிட்டாங்க. வாங்க, பூட்டப்போறன்," என்றான்.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று மெஷின் அறைக்குப் போனேன். டியூப்பை அவிழ்த்தேன். ஸ்பேனரால் வால்வைத் தளர்த்தினேன். வெளியே வந்தேன். றம்ஸீன் பூட்டினான். இருவரும் சேர்ந்தே நடந்தோம்.

அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வெள்ளிப் பகலில் ஆள் எண்ணுவது ஆம்பிளைகளை வைத்துத்தான். ஜும்ஆவுக்குப் போகாத பெண்களை அந்த நேரத்தில் எவரும் எண்ணுவதில்லை. துப்புரவு வேலை செய்த ஸம்ஸியா ராத்தா ஒவ்வொரு வெள்ளியும் அந்த நேரத்தில்தான், மெஷின் அறைக்குப் பின்னால் இருக்கும் உப்பு அறையைக் கழுவுவார். ஆம்பிளைகள் குறுக்கே வரமாட்டார்கள் என்று, பூட்டிய கேட்டுக்குள்ளே. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். றம்ஸீனுக்கும் தெரியும், அவனுக்கு நினைவு வரவில்லை.

குத்பாப் பிரசங்கத்தை முழுதாகக் கேட்டேன். தொழுதேன். திரும்பி வந்தபோது வீதியிலேயே கண் எரிந்தது. ஹாஜியார் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு நான்தான் உள்ளே போய் வால்வை இறுக்கினேன். ராத்தா உப்பு அறைச் சுவரோரம் மூச்சில்லாமல் கிடந்தார். சீலைத் தலைப்பை நனைத்து மூக்கை மூடியிருந்தார். வாயு கசிந்தால் அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்தது நான். அந்தத் தொழிற்சாலையில் நான் சொன்னதைப் பகிடி பண்ணாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான். "நீங்க சொன்னா சரியாத்தான் இரிக்கும் தம்பி," என்பார்.

அன்றே மெஷினை நிறுத்தினார்கள். போல்ட்டுகள் மாறின. புது வால்வு வந்தது. அலாரம் இப்போது வேலை செய்கிறது. ஹாஜியார் என் கையைப் பிடித்து, நீ அப்போதே சொன்னாயே என்று அழுதார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு வருகிறேன். ராத்தா உள்ளே இருந்தது எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். ஓம், தெரியும். ஸ்பேனரை வால்வில் வைத்தபோது பின்னறையில் வாளி தரையில் உரசும் சத்தம் கேட்டது. கையை எடுத்தேன். கொஞ்சம் நின்றேன். ஆளில்லாத வெறும் கட்டிடத்தில் வாயு நிரம்பினால் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். கதவைத் திறந்து காற்று போகவிடுவார்கள், இன்னொரு டியூப்பைச் சுற்றுவார்கள், பின்னேரமே மெஷினைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் திருப்பினேன். இதில் நான் விட்ட பிழை ஒன்று உண்டென்றால், சேர், போகும்போது அவரைக் கூப்பிடாமல் விட்டது மட்டும்தான்.