நாற்பத்தேழு பிரபுக்களும் ஒரு லிஃப்டும்

— ஏம்மா, அந்த மணிய இன்னும் எத்தனை தடவை அடிப்ப? லிஃப்ட் நின்னுடுச்சு, அவ்வளவுதானே. உயிரா போயிடுச்சு?

— மன்னிக்கணும்மா. அவர் வரணும்னுதான் அடிக்கிறேன்.

— எவரு?

— லிஃப்ட் மெக்கானிக்.

— ஹலோ, உள்ள யாரு? நான் மேல மெஷின் ரூம்ல இருக்கேன், இன்டர்காம்ல பேசறேன். எத்தனை பேர் இருக்கீங்க? யாருக்காச்சும் மூச்சு முட்டுதா?

— ரெண்டு பேர் தம்பி. எனக்கு மூச்சு நல்லாத்தான் வருது. கூட ஒரு பொண்ணு இருக்கா, உங்க குரலக் கேட்டதும் அவதான் மூச்சு விடறத நிறுத்திட்டா.

— எந்த ஆபீஸ்மா அவங்க?

— ஆறாவது மாடி, பதிப்பகம். பிழை திருத்துபவள்.

— ஓ... நீங்களா மேடம்.

— நானேதான், ஐயா.

— சேஃப்டிக்கு சொல்றேன், ரெண்டு பேரும் கதவுல சாயாதீங்க. மோட்டார் சூடாகி கட் ஆயிருக்கு. கையால சக்கரத்தச் சுத்தி மூணாவது மாடிக்கு இறக்கறேன். ஒரு சுத்துக்கு ரெண்டு இஞ்சுதான் இறங்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. எவனோ மத்தியானத்துலேர்ந்து வேலை இல்லாம ஏறி இறங்கிட்டே இருந்திருக்கான்.

— எவனோ இல்ல தம்பி, இந்தப் பொண்ணுதான். நான் நாலாவது மாடிக்குப் போகணும்னு ஏறினேன். மாடி வந்துச்சு, கதவும் திறந்துச்சு. இவ மூலையில நின்னு அழுதுக்கிட்டே மேல கீழ பட்டன மாத்தி மாத்தி அமுக்கிட்டு இருந்தா. விட்டுட்டு இறங்க எனக்கு மனசு வரல. மூணு ரவுண்டு கூடவே போயிட்டு வந்துட்டேன்.

— மேடம், எதுக்கு இந்த வேலை?

— கதைல நாயகி மயங்கி விழுவா, பிரபு ஓடி வருவாரு. நானும் முயற்சி பண்ணேன், மயக்கம் வரல. அதான் லிஃப்ட மயங்க வெச்சேன்.

— ஃபோன் பண்ணியிருந்தா வந்திருப்பேனே!

— என்னன்னு ஃபோன் பண்றது? சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்க பொண்ணு பார்க்கப் போறீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. போறீங்களா?

— போறேன்.

— போகாதீங்க.

— தப்பா எடுத்துக்காதீங்க, சும்மாதான் கேக்கறேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன?

— ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணரை மாசத்துக்கு முந்தி சர்வீஸ் முடிச்சுட்டு இவங்ககிட்ட கையெழுத்து வாங்கப் போனேன். அப்படியே, உங்களப் பிடிச்சிருக்கு, வீட்டுல வந்து பேசட்டுமான்னும் கேட்டுட்டேன். மாட்டேன்னுட்டாங்க.

— நான் மாட்டேன்னு சொல்லவே இல்ல!

— "தங்கள் அன்பு என்னைப் பெருமைப்படுத்துகிறது, எனினும் அதை ஏற்கும் நிலையில் என் உள்ளம் இல்லை"ன்னீங்க. பாதி புரியல. கீழ போய் வாட்ச்மேன்கிட்ட ஒப்பிச்சேன். அவரு கண்ண மூடிக் கேட்டுட்டு, "இல்லங்கறாங்க தம்பி, கிளம்பு"ன்னாரு.

— அது முதல் மறுப்பு!

— அப்படின்னா?

— எங்க ஆபீஸ்ல போடறதெல்லாம் இருநூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரத் துரைமாரோட காதல் கதை. இதுவரைக்கும் நாற்பத்தேழு பிரபுவுக்கு நான் பிழை திருத்தியிருக்கேன். நாற்பத்தேழுலயும் முதல் தடவை கேட்டா நாயகி மறுத்துடுவா. பிரபு குதிரையில ஏறிப் போயிடுவாரு. நூத்தியெண்பதாம் பக்கத்துல சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டு திரும்பி வருவாரு. அப்பதான் அது உண்மையான காதல்.

— குதிரைக்கு நான் எங்க மேடம் போவேன்? என்கிட்ட இருக்கறது ஒரு டூல் பையும், உதைச்சா கிளம்பற ஸ்கூட்டரும்.

— குதிரை வேணாம். நீங்க திரும்பி வந்திருக்கலாம்ல?

— எங்க வேலைல சிவப்பு லைட் எரிஞ்சா நிக்கணும். சும்மா எரியுதுன்னு நினைச்சுக் கைய விட்டவனுக்கு விரல் இருக்காது. நீங்க மாட்டேன்னீங்க, நான் நின்னுட்டேன்.

— அவர் பண்ணதுதாம்மா சரி. மாட்டேன்னு சொன்ன பொண்ணு பின்னாடியே திரும்பத் திரும்ப வர்றவனுக்கு எங்க தெருவுல வேற பேரு. பிரபுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

— மழை பெஞ்ச அன்னைக்கு கேட் பக்கம் குடை இல்லாம நாற்பது நிமிஷம் நின்னேன். உங்களுக்குத் தெரியுமா?

— தெரியுமே. ஆட்டோ பிடிச்சு ஏத்தி விட்டது யாரு?

— கதைல தூக்கிட்டுப் போவாங்க.

— சேஃப்டிக்கு சொல்றேன் மேடம், அன்னைக்குத் தரை வழுக்குச்சு.

— மூணு நாள் காய்ச்சல்.

— அதுவும் தெரியும். வாட்ச்மேன்கிட்ட மாத்திரை குடுத்து அனுப்பினேனே.

— அது நீங்களா? நான் அவரே வாங்கினதுன்னு நினைச்சேன். கதைல மருந்தெல்லாம் டாக்டர்தான் குடுப்பாரு. பிரபு ஜன்னலுக்கு வெளிய நின்னு தவிப்பாரு.

— அவன் வெளிய நின்னு தவிச்சா இவளுக்குக் காய்ச்சல் குறையுமாக்கும்! ஏம்மா, இந்த நாற்பத்தேழு பேர்ல ஒருத்தனாச்சும் வேலைக்குப் போவானா?

— இல்லம்மா. நடனம், வேட்டை, சீட்டாட்டம்.

— எங்க வீட்டுக்காரரும் முப்பது வருஷம் சீட்டாடினாரு. ஒருத்தரும் புத்தகம் போடல. தம்பி, நீங்க சீட்டாடுவீங்களா?

— அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்?

— குடி?

— இல்லம்மா.

— சும்மாதான் கேக்கறேன். வீட்டுல யாரு சமையல்?

— அம்மாவுக்கு முழங்கால் வலி. காலைல நான் செஞ்சு வெச்சுட்டு வருவேன்.

— கோபம் வருமா?

— இருபத்தஞ்சு சுத்துல பத்தொன்பது முடிச்சுட்டேன், தோள்பட்டை கழண்டுடும் போல இருக்கு. இன்னும் வரலையே.

— ம். கேட்டுக்கோம்மா.

— கேட்டுட்டுதான் இருக்கேன். நாற்பத்தேழு புத்தகத்துல புள்ளி விட்டுப்போச்சு, கால் விட்டுப்போச்சுன்னு வட்டம் போட்டிருக்கேன். அவங்க பண்றதே தப்புன்னு எந்தப் பக்கத்துலயும் எழுதத் தோணல எனக்கு. பெரிய அறிவாளின்னு நினைப்பு.

— அழாதீங்க மேடம். உள்ள ஃபேன் வேற ஓடல.

— அழல. இப்ப சாதாரணமாச் சொல்றேன், வாட்ச்மேன்கிட்ட அர்த்தம் கேக்க வேண்டாம். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. வீட்டுல வந்து பேசுங்க.

— தம்பி, லிஃப்ட் இறங்கறது நின்னுடுச்சு. சக்கரத்த விட்டுட்டீங்களா?

— பிரேக் போட்டுட்டேன்மா. இதக் கேட்டுக்கிட்டே சுத்த முடியாது.

— பதில் சொல்லுங்க.

— என்ன மேடம் சொல்றது? இந்த ஒண்ணரை மாசத்துல என்னைக்குச் சொல்லியிருந்தாலும் டூல் பையோட ஓடி வந்திருப்பேன். இப்ப அஞ்சு மணிக்கு அந்த வீட்டுல எனக்காகக் காத்துட்டு இருப்பாங்க. வர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன். கடைசி நேரத்துல வரலன்னா, அந்தப் பொண்ணப் பத்திதான் ஊர் பேசும். அது என்ன பாவம் பண்ணுச்சு?

— போய்ப் பார்த்துட்டுப் பிடிக்கலன்னு சொல்லிடுங்க.

— நேர்ல போய் உக்காந்து, முகத்தப் பார்த்துட்டு வேணாம்னு சொல்றதா? அது இன்னும் மோசம். அவங்களா என்னை வேணாம்னு சொன்னா வேற விஷயம். நான் சொல்ல மாட்டேன்.

— அப்ப நான்?

— தெரியல மேடம். எனக்கும் உங்க நினைப்புதான், அத மறைக்கல. ஆனா சேஃப்டிக்கு சொல்றதுக்குக்கூட இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல.

— தம்பி, மிச்சத்தச் சுத்துங்க. கால் மரத்துப் போச்சு.

— இதோம்மா... இருபத்துமூணு... இருபத்துநாலு... இருபத்தஞ்சு, அவ்வளவுதான், மூணாவது மாடி லெவலுக்கு வந்துருச்சு. கதவத் தொடாதீங்க, சாவியோட நானே இறங்கி வர்றேன்.

— படியில பார்த்து இறங்குங்க. தோள்பட்டை கழண்டுடும்னீங்க.

— சரி மேடம்.

— ஒரு நிமிஷம் தம்பி, ஓடிடாதீங்க. அவசரமே இல்ல, அஞ்சு மணிக்கு அந்த வீட்டுல யாரும் காத்துட்டு இருக்க மாட்டாங்க. மாப்பிள்ளை எப்படின்னு நாலாவது மாடி மெயின்டெனன்ஸ் ஆபீஸ்ல விசாரிக்கலாம்னு கிளம்பி வந்த அந்தப் பொண்ணோட அம்மா, இங்கயே எல்லாத்தையும் விசாரிச்சு முடிச்சுட்டா. வயித்தெரிச்சலாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லிடறேன்: எங்களுக்கு நீங்க வேணாம்.