மூன்றாம் பாகத்தில் செத்தவர்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“அவரு செத்துட்டாருடி. அப்பாகிட்ட சொல்லல.”

“யாருடி?”

“டிவி காமெடி சீரியல்ல மாமனாரா வருவாரே, அவருதான். அவரு நடிச்ச சண்டைப் படத்தோட மூணாவது பார்ட்ல அவர சாவடிச்சிட்டானுங்க. டாக்டருங்க கைய விரிச்சி வீட்டுக்கு அனுப்புனதுலர்ந்து, அப்பா அவரைப் பாத்தாதான் சிரிக்கிறாரு. நேத்து டிவில அந்தப் படத்தப் போட்டுட்டான்.”

“இன்னா பண்ண?”

“நான் முன்னாடியே தியேட்டர்ல பாத்ததுதான. குண்டடி படறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டு, கரண்ட் போச்சுப்பான்னேன்.”

“நம்பிட்டாரா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மேல ஃபேன் சுத்தினு இருந்துச்சுடி. அதையே பாத்துனு படுத்திருந்தாரு.”