ஓடத்து மூக்கு

– அய்ய, ஆடாம புடி எல்சி. ஓடத்து மூக்குல வர்ற ரீப்பரு சட்டம் இது. துளி நவுந்தா வாயப் பொளந்துகினு நிக்கும்.

– புடிச்சிகினுதான்யா கீறேன். நீதான் தடவிக்கினே கீறே. கோழி முட்டையா அது?

– மரத்தோட போக்கு பாக்கறேன்...

– தோ, வெட்டவேண்டிய எடத்துல கோடு போட்டுகீறேன். தெரியுதா?

– ஏன் தெரியாது? பளிச்சினு தெரியுது.

– சரி... வெட்டு.

– ஆங்... எப்டி? ரெண்டு பக்கத்து ரீப்பரும் மூக்குல கரீக்டா கூடிச்சி பாத்தியா! எங்க ஒர்க்‌ஷாப்பு தொர சீமைக்குப் போறதுக்கு முன்ன காயக்குனு ஒரு சின்ன ஓடம் வெச்சிருந்தானே, அதுகூட இப்டி இல்ல.

– ஹென்றி...

– இன்னா?

– நான் கோடே போடல.

– இன்னாடி சொல்றே?

– பத்து நாளா பென்சிலையே தொடல. கத்தியால கீறி வெக்கறேன். உன் கட்டை வெரலு அதைத்தான் தேடிப் புடிக்குது.

– எப்போ... எப்போ தெரிஞ்சிது உனுக்கு?

– போன மாசம், பூசையில. பாட்டு பொஸ்தகத்தைப் பாத்து அப்டி உருகி பாடினியே.

– அது எனுக்கு மனப்பாடம்டி...

– பொஸ்தகம் தலகீழா இருந்திச்சிய்யா. ஏன் எங்கிட்ட சொல்லல?

– நீ அழுவேனுதான். நாளைக்கு ஒர்க்‌ஷாப்புல கண்ணு டெஸ்ட்டு. போர்டுல மொத எழுத்தே எனுக்குப் பொகையாத்தான் தெரியும். பதினெட்டு வருசத்து வேலை... நாளையோட போச்சி.

– அப்போ, ஞாயித்துக்கெழம ஜாலியா போறதுக்குத்தான் ஓடம்னியே?

– புளுவு. வேலை போனா, எண்ணூர் கழிமுகத்துல நண்டு புடிக்கலாம்னு...

– ஒத்தையாவா? எதுர்ல படகு வந்தா?

– சத்தம் கேக்கும்ல... எனுக்கும் பயமாத்தான் கீது எல்சி. வேற இன்னா செய்ய சொல்றே?

– முன்னாடி இன்னொரு பலகை போடு. நான் குந்திக்கினு வழி பாக்கறேன். வலைய நீ தூக்கு.

– நீயா? துடுப்பு எந்தப் பக்கம் புடிக்கறதுனு தெரியுமா உனுக்கு?

– இந்தா, என் உள்ளங்கைய தடவிப் பாரு. காப்பு காச்சிகீதா? தெனம் வெடிகாலைல மீன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு, அந்தப் பூசைக்கு மறுநாள்லேர்ந்து எங்கண்ணன் ஓடத்துலதான்யா துடுப்பு போட்டுகினு கீறேன்.