யாருக்காக என்று கேட்ட பிரமிளாதாயி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மன்றத் தலைவர் ஐயா ஞானப்பிரகாசம் அவர்களே, தாயி வேலை பார்த்த பள்ளியிலிருந்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மேடையில் நாற்காலி போட்டிருந்தும் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு முன்வரிசை ஓரத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயியின் கணவர் திகம்பர்ராவ் நிகும்ப் அவர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டும் லீவு சொல்லியும் ஓடிவந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மராத்தி வகுப்புக்காரர்களே, பெரியோர்களே, தாய்மார்களே!

மராட்டிய மண்ணில், இந்த ஆகுர்டித் தமிழ் மன்ற மேடையில் பொங்கலுக்குப் பேசியிருக்கிறேன், ஆண்டு விழாவுக்குப் பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் "கலியபெருமாள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான்" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இன்றைக்கு மைக் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரமிளா நிகும்ப் அவர்களுக்கு, நாம் எல்லோரும் மராத்தியில் தாயி என்று, நம் மொழியில் அக்கா என்று அழைத்த அந்த அம்மையாருக்கு, நான் இரங்கல் உரை ஆற்றுவதா? ஐம்பத்திரண்டு வயது! அது சாகிற வயதா? நம்ப முடிகிறதா உங்களால்?

சனிக்கிழமை சாயங்காலம் காய்கறிச் சந்தையில் பார்த்தேன். வெந்தயக்கீரைக் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கடைக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அந்தச் சண்டையை அப்படியே என் பக்கம் திருப்பினார்.

"கலியபெருமாள், உங்க மன்றத்து ஃபேன் அழுவுது. நான் பாடம் நடத்துறதா, அதுக்குத் தாலாட்டுப் பாடுறதா?"

"அடுத்த வாரம் பார்த்துடலாம் தாயி."

"உங்க அடுத்த வாரம் எனக்குத் தெரியும். எலக்ட்ரீஷியன்கிட்ட நானே சொல்லிட்டேன். திங்கக்கிழமை வருவான்."

திங்கட்கிழமை அவன் வந்தான். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "தாயி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்தான். முந்தின நாள் அதே ஃபேனுக்குக் கீழேதான் நம் தாயி போனார் என்று சொன்னேன். அவன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்றைக்கும் எனக்கு அது செய்தி மாதிரிதான் இருக்கிறது. யாரோ தப்பாகச் சொன்ன செய்தி மாதிரி.

தாயி நம்மிடம் எப்படி வந்தார் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. அவருடைய பள்ளியில் நம் பிள்ளைகள் படித்தார்கள். பிள்ளைகளுக்கு மராத்தி தண்ணீராக ஓடியது. அப்பன் ஆத்தாளுக்கோ ஆமாம், இல்லை என்கிற "ஹோ", "நாஹி" தாண்டி ஒன்றும் வரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளை நடுவில் நின்று மொழிபெயர்த்ததாம், தன்னைப் பற்றிய புகாரையே நல்ல புகழாக மாற்றி! அதைக் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டு, மறுநாளே மன்றத்துப் படியேறி வந்தார். "ஒரு ரூம் குடுங்க, ஞாயித்துக்கிழமை மராத்தி சொல்லித் தரேன். டீ நானே கொண்டு வரேன்" என்றார். யார் கூப்பிட்டார்கள்? யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை!

முதல் வகுப்பில் அவர் எடுத்துக்கொண்ட பாடம் இரண்டே இரண்டு சொல். கே, தே. ஒரு வேலையைச் சொல்லும்போது அதன் பலன் செய்கிறவன் மடியில் விழுந்தால் பின்னாலே "கே" சேர்க்க வேண்டும், அடுத்தவன் மடியில் விழுந்தால் "தே" சேர்க்க வேண்டும். லிஹூன் கே, லிஹூன் தே. பலகையில் எழுதிவிட்டு, இந்த மதராசிகளுக்கு இது ஏறுமா என்று கவலையோடு திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சிலிருந்து நம்ம சவரிமுத்து எழுந்தான்.

"இது எங்க ஊர்லயும் உண்டு தாயி. எழுதிக்கோ, எழுதிக்குடு."

நான் அதை மராத்தியில் எடுத்துச் சொன்னதும் தாயி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவிகளா! இதை எப்படிப் புரியவைக்கிறதுன்னு வீட்டுல என் புருஷனைத் தூங்கவிடாமப் படுத்தி எடுத்தேன். நீங்க வரும்போதே மூட்டையில கட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே!"

அன்றைக்கு விழுந்த முடிச்சு அது. புத்திக்குப் புரிந்தது நாக்குக்குப் புரிய வேண்டாமா? இதே சவரிமுத்து மறுநாள் கம்பெனியில் போர்மேனிடம் போய், "சார், உங்களுக்காக டீ குடிச்சுக் குடுத்துட்டு வரேன்" என்று மராத்தியில் சொல்லிவைத்தான். போர்மேன் அசரவில்லை. "குடிச்சுக் குடு ராஜா. அப்படியே உன் சம்பளத்தையும் நான் வாங்கிச் செலவு பண்ணிக் குடுக்கறேன்" என்றார். தாயியிடம் இதைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவருடைய கேள்வி ஒன்றுதான்: "யாருக்காக?"

அந்தக் கேள்வியைப் பாடத்தோடு அவர் விடவில்லை, அன்பர்களே! வாழ்க்கைக்கும் அதையே வைத்தார். வகுப்பில் சேர்ந்த யாருக்கு எந்த ஆபீசில் வேலை இருந்தாலும் கூடவே வருவார். வருவார், ஆனால் உள்ளே வரமாட்டார். வாசலில் நிற்பார். பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொறிப்பார். வாய் திறந்து நமக்காக ஒரு வார்த்தை பேசமாட்டார். "தாயி வர்றது துணைக்கா, வேடிக்கை பார்க்கவா?" என்று சவரிமுத்து கேட்பான்.

நம் வகுப்பு எழிலரசியின் மகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்காகப் பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த வேண்டியிருந்தது. வார்டு ஆபீசுக்குப் போனாள். குமாஸ்தா நாளைக்கு வா என்றான். வெளியே வந்து தாயியின் முன்னால் நின்று அழுதாள். நானும் கூட இருந்தேன்.

"நீங்க ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் தாயி!"

"முடிஞ்சிருக்கும். நாளைக்கு ரேஷன் கடையில? நாளன்னிக்கு ஆஸ்பத்திரியில? நான் எத்தனை வாசல்ல வந்து நிக்கிறது? கடலை தீர்ந்துடும்டி. போ உள்ள."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இது என்ன உதவி? கல் நெஞ்சு!" என்று அந்த வாசலிலேயே கத்தினேன். தாயி ஒரு கைப்பிடிக் கடலையை என் கையில் திணித்தார். "சாப்பிடுங்க. வாய் சும்மா இருக்கும்" என்றார். எழிலரசி உள்ளே போனாள். குமாஸ்தா அவளுடைய மராத்தியை மூன்று இடத்தில் திருத்தினான், திருத்திக்கொண்டே படிவத்தையும் வாங்கிக்கொண்டான். வெளியே வந்தவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பார்த்த பிறகும் சொல்கிறேன், அந்த முறையில் எனக்கு இன்றுவரை முழுச் சம்மதம் கிடையாது. தாயிக்கும் அது தெரியும். சம்மதம் இல்லாமலேயே நாங்கள் நல்ல சிநேகிதர்கள்.

அப்படியானால் அவர் யாருக்காகவும் பேசியதே இல்லையா? பேசினார்! சவரிமுத்துவின் கை கம்பெனி பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்ட அன்றைக்குப் பேசினார். அவன் வலியில் கண் செருகிக் கிடக்கிறான். வேலை கொடுத்தவன் அனுப்பிய ஆள் ஆஸ்பத்திரியில் நின்று, "இவன் வீட்டுல விழுந்துட்டான்" என்று எழுதவைக்கப் பார்க்கிறான். தாயி வாசலில் நிற்கவில்லை. புயலாக உள்ளே போனார்.

"வீட்டுல விழுந்தானா? வீட்டுல பிரஸ் வெச்சிருக்கானா இவன்? இவன் வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு மிக்ஸி, அதுவும் ரிப்பேர்!"

உள்ளதை உள்ளபடி எழுதும் வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சவரிமுத்துவின் தலையைத் தடவி, "இன்னைக்கு நான் பேசிக் குடுத்தேன். கை ஆறினதும் நீயே பேசிக்கணும், தெரியுதா?" என்றார். பேச முடியாதவனுக்குப் பேசிக் கொடுக்க வேண்டும். பேச முடிந்தவனைப் பேசவிட வேண்டும். எது எப்போது என்று தெரிந்த மனிதர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நமக்கு ஒருவர் இருந்தார். ஐயோ, இருந்தார் என்று சொல்கிறேனே!

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். தலை சுற்றுகிறது என்றார். உட்கார்ந்தார், சாய்ந்தார். ஆண்கள் எல்லோரும் வண்டி பிடிக்கப் படியிறங்கி ஓடினோம். அறையில் அவரோடு இருந்தது எழிலரசி மட்டும்தான். அவள் மடியில்தான் தாயியின் தலை இருந்தது. நாங்கள் ஆட்டோவோடு திரும்பி வந்தபோது எழிலரசி எங்களைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நான் புரிந்துகொள்ளவில்லை. "தூக்குங்கடா, தூக்குங்கடா" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

திகம்பர்ராவ் அரசு பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்கு லாத்தூர் வண்டியில் இருந்தார். போன் போனதும் வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பயணியாக உட்கார்ந்து வந்தார். அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள்! தகனம் முடிந்து நாம் போனபோது அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்த கடலைமாவுப் பிட்லாவும் சோள ரொட்டி பாக்ரியும் தட்டில் அப்படியே ஆறிக்கிடந்தன. அவர் எங்களைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கடைசியில அவ ஏதாவது சொன்னாளா?"

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், கடைசி ஐந்து நிமிஷம் கூட இல்லாமல் போன மனுஷன், அதைக் கேட்க உரிமை இல்லையா? வகுப்பில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்கண்ணே, உங்களுக்குத்தான் மராத்தி நல்லா வரும்." எனக்கு வரும். இந்த ஊருக்கு வந்து தலை நரைத்துவிட்டது, வராமல் என்ன? ஆனால் எனக்கு எதுவும் தெரியாதே! வெளியே வந்ததும் எழிலரசியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"தாயி ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"சொன்னாங்கண்ணே."

"என்ன சொன்னாங்க? சொல்லு, நான் போய் அவர்கிட்ட சொல்லிடுறேன்."

"அதான் சொல்லமாட்டேன். அது அவருக்குச் சொன்னது. உங்ககிட்ட சொன்னா நீங்க அழகாப் பேசிடுவீங்க. அது தாயி பேசினது மாதிரி இருக்காது, நீங்க பேசினது மாதிரி இருக்கும்."

"அப்ப நீயே சொல்ல வேண்டியதுதானே?"

"வார்த்தை வரமாட்டேங்குதுண்ணே. வாயைத் திறந்தா அழுகை வருது, மராத்தி ஓடிப்போகுது. ஆபீஸ்ல தப்பாப் பேசினா திருத்துவாங்க, சிரிப்பாங்க, போகட்டும். இதுலபோய் தப்பு பண்ணலாமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனுஷன் அங்கே சாப்பிடாமல் காத்துக்கொண்டிருக்கிறான், இவள் என்ன பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். நேற்றுவரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் கூட்டத்துக்கு முன்னாலாவது அதை என்னிடம் சொல்லிவிடு, மேடையிலிருந்து நானே அவருக்குச் சொல்லிவிடுகிறேன் என்று நேற்றும் மன்றாடினேன். அவள் அசையவில்லை. காலையில் போன் செய்தாள். "அண்ணே, மைக்ல சொல்றேன். நீங்க பக்கத்துல இருங்க, ஆனா பேசாதீங்க" என்றாள்.

அன்பர்களே! ஞாயிறு வகுப்பு நிற்காது. தலைமையாசிரியை அம்மா தம் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியையை அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். வரப்போகும் ஆசிரியைக்கு டீ கொண்டுவருவது நம் பொறுப்பு. வாசல் வரைக்கும் யாருக்கானாலும் துணை போவது நம் பொறுப்பு. ஒருவன் பேச முடியாமல் கிடந்தால் அவனுக்காகத் தொண்டை கிழியப் பேசுவது நம் பொறுப்பு. பேச முடிந்தவன் தடுமாறும்போது, எனக்குச் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என் வாயை மூடிக்கொண்டு நிற்பது என் பொறுப்பு. இது இந்த மன்றத்தின் சார்பில் பிரமிளா நிகும்ப் அவர்களுக்கு நான் கொடுக்கும் உறுதி. கைதட்ட வேண்டாம். தயவுசெய்து கைதட்ட வேண்டாம்.

எழிலரசி, வாம்மா. மைக்கை உன் உயரத்துக்கு இறக்கிவிட்டேன்.

அவள் வருவதற்குள் திகம்பர்ராவிடம் அவர் மொழியில், மராத்தியில், இரண்டு வார்த்தை.

திகம்பர்ராவ், இவ்வளவு நேரம் உங்களுக்குப் புரியாத பாஷையில பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. அன்னைக்கு நீங்க கேட்டதுக்குப் பதில் என்கிட்ட இல்லை. இந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கு. மெதுவாத்தான் சொல்லுவா. தப்பு வரும். நடுவுல நின்னுடுவா. நின்னா, நீங்க வார்த்தை எடுத்துக் குடுக்க வேண்டாம், நானும் குடுக்கமாட்டேன். உங்க வீட்டம்மாகிட்ட படிச்ச நாங்க எல்லாரும் இதுவரைக்கும் எங்களுக்காகத்தான் பேசிக்கிட்டோம். ரேஷனுக்கு, ஸ்கூலுக்கு, வேலைக்கு. இன்னைக்குத்தான் ஒருத்தி உங்களுக்காகப் பேச வர்றா. கேட்டுக்கோங்க.